கட்டினாயா, மகனே?



நம் இல்லங்களிலிருந்து ஒரு குடும்பம் பயணம் புறப்படும் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். உணவுப் பொட்டலங்கள், தண்ணீர்க் கூஜா, தொழுகை விரிப்பு, குழந்தைக்கு மாற்றுடை என்று ஒவ்வொன்றும் எண்ணி எடுத்து வைக்கப்படுகிறது. வீட்டுப் பெரியவர் வாசல்வரை வந்து துஆச் செய்து அனுப்புகிறார். வண்டியில் ஏறி அமர்ந்ததும் பிரயாண துஆ ஓதுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், இவை யாவும் நாம் விட்டுவிடக் கூடாத நற்பழக்கங்களே. ஆனால், அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் உள்ளே பார்த்துவிட்டுப் புறப்படுபவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்த வினாவை உங்கள் முன் வைக்கும் தகுதி எனக்கு ஒரு தவற்றின் வாயிலாகத்தான் கிடைத்தது. பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு சாண் கட்டுக்கம்பியை நம்பி ஏற்றிச் சென்றவன் நான். அந்தப் பயணத்தின் கதையை இத்தனை ஆண்டுகளாக வீட்டுக்கு வெளியே நான் சொன்னதில்லை. வெட்கம் தடுத்தது. இப்போது என் மகன் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறான். அவனைப் போன்ற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வாப்பாவின் பத்மினி

கொழும்பில் வணிகம் செய்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பிய என் வாப்பா, தம் சேமிப்பில் ஒரு ப்ரீமியர் பத்மினி காரை வாங்கினார்கள். 1089 சி.சி. எஞ்சின், கார்புரேட்டர் வண்டி. பின்புறமிருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, முன்புறமுள்ள கார்புரேட்டருக்கு அனுப்புவதற்கு எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் ஒரு சிறிய பம்ப் உண்டு. அந்தப் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே எங்கள் மெக்கானிக் ஒரு ஃபில்ட்டரைப் பொருத்திக் கொடுத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் தெளிவான பிளாஸ்டிக் கூடு அது. அதனுள்ளே மடிப்பு மடிப்பாக வடிதாள் இருக்கும். இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குகளில் ரப்பர் ஹோஸைச் செருகி, திருகு வைத்த கிளிப்பால் கட்டியிருப்பார்கள். அவ்வளவுதான் அதன் அமைப்பு.

வாப்பா உயிருடன் இருந்தவரை, வண்டியை எடுக்குமுன் அதை ஒருமுறை சுற்றி வருவார்கள். பானெட்டைத் திறந்து, எண்ணெயும் தண்ணீரும் பார்த்து, பெட்ரோல் ஹோஸ்களை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள். "எதற்கு வாப்பா இவ்வளவும்?" என்று சலித்துக் கொள்வேன். அவர்கள் மறுமொழி கூறமாட்டார்கள். அவர்கள் வஃபாத்தானபின் வண்டி என் கைக்கு வந்தது. அந்தச் சுற்றி வரும் பழக்கம் மட்டும் வரவில்லை.

1996-ம் ஆண்டு மே மாதம். உம்மாவுக்கு இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. மதுரையிலுள்ள ஒரு கண் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். வண்டியோ சில நாட்களாகவே தகராறு செய்துகொண்டிருந்தது. ஊருக்குள் மெதுவாக ஓடும்வரை குறையேதும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்து, முன்னே செல்லும் பேருந்தைக் கடக்க மிதித்தால் மட்டும் இழுக்காமல் திணறும். விக்கி விக்கி ஓடும். ஓரமாகச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஒழுங்காக ஓடும். இது ஃபில்ட்டர் அடைத்துக் கொண்டதன் அடையாளம் என்று மெக்கானிக் சொல்லக் கேட்டிருந்தேன். குறைந்த வேகத்துக்கு வேண்டிய பெட்ரோல் அடைப்பினூடே கசிந்து வந்துவிடும். அதிக வேகத்துக்கு வேண்டியது வந்து சேராது. ஃபில்ட்டரை உற்று நோக்கியபோது அடியில் துரு நிறத்தில் வண்டல் படிந்திருந்தது. பழைய டாங்கியின் உள்துருவே அது.

இராமநாதபுரம் சென்று புதிய ஃபில்ட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். சில ரூபாய்களே விலை. "மெக்கானிக்கைக் கூப்பிடவில்லையா?" என்று மனைவி கேட்டபோது, "இரண்டு கிளிப்பைக் கழற்றி மாட்டுவதற்கு ஓர் ஆளா?" என்று பெருமையாகச் சொன்னேன்.

மஃரிபுக்கு முன் நடந்த வேலை

புறப்படுவதற்கு முந்தைய நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து வேலையில் இறங்கினேன். பழைய ஃபில்ட்டர் எளிதாகவே கழன்றது. புதியதைச் செருகினேன். பம்பின் பக்கத்துக் கிளிப் நன்றாக இறுகியது. கார்புரேட்டர் பக்கத்துக் கிளிப்போ, திருப்புளியால் சுற்றச் சுற்ற வழுக்கியது. அதன் மரை தேய்ந்து போயிருந்தது. அது மட்டுமன்று. அந்தப் பக்கத்து ஹோஸின் முனையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தன. ரப்பர் தன் மென்மையை இழந்து கட்டை போலாகிவிட்டிருந்தது. முனையை வெட்டிவிட்டுச் செருகலாமென்றால் நீளம் போதவில்லை.

இங்கேதான் சகோதரர்களே, நான் தவறினேன். கொல்லைப்புறத்தில் கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பி கிடந்தது. ஒரு சாண் நறுக்கி, ஹோஸின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் முறுக்கிவிட்டேன். இழுத்துப் பார்த்தேன், கழலவில்லை. 'காலையில் நல்ல கிளிப் ஒன்று தேடிப் போட்டுக் கொள்ளலாம்' என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். அப்போது மஃரிப் பாங்கு ஒலித்தது.

பாங்கு ஒலித்ததால் வேலை அரைகுறையாக நின்றது என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகும். தொழுகை முடிந்தபின் இஷாவரை நேரமிருந்தது. கடைத்தெருவில் கிளிப்பும் கிடைத்திருக்கும். நானோ பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். காலையில் பஜ்ர் தொழுததும் அவசரம். பெட்டிகளை ஏற்றினோம், துஆ ஓதினோம், புறப்பட்டோம். கட்டுக்கம்பி என் நினைவிலேயே இல்லை. 'அல்லாஹ்வின்மீது தவக்குல்' என்று வாய் சொல்லிற்று. கை செய்ய வேண்டியதை அது செய்யவில்லை.

மூன்று முறை சொன்னார்கள்

இராமநாதபுரத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மதுரைச் சாலையைப் பிடித்தோம். சாலையின் இருமருங்கும் சீமைக் கருவேல மரங்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வண்டி திணறாமல் ஓடியது. என் கைவேலையை நானே மெச்சிக் கொண்டேன்.

முதலில் மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்கிறதே!"

"இப்போதுதானே நிரப்பினோம்? கொஞ்ச நேரத்தில் போய்விடும்" என்றேன்.

சிறிது தூரம் சென்றதும், பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகளை இருபுறமும் அணைத்தபடி அமர்ந்திருந்த உம்மா சொன்னார்கள்: "தம்பி, வாடை கூடுதலாக வருகிறது. நின்று பார்த்துவிட்டுப் போ."

"பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் உம்மா" என்றேன். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற எரிச்சலும் என் குரலில் இருந்தது.

மூன்றாவது முறை உம்மா கெஞ்சவில்லை. "எனக்குக் கண்தான் மங்கிவிட்டது மகனே, மூக்கு மங்கவில்லை. வண்டியை நிறுத்து!" என்றார்கள். சிறுவயதில் கேட்ட அதே அதட்டல் குரல். என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

சத்திரக்குடியைக் கடந்து, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கியபோது பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. புதிய ஃபில்ட்டரின் மேல்பாதி நனைந்திருந்தது. கட்டுக்கம்பி ரப்பரைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அது கடித்த இடத்தில் வெடிப்பு வாய் பிளந்திருந்தது. அதன் வழியே பெட்ரோல் துளித்துளியாக ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய துளிகள் தரையை எட்டவில்லை. எஞ்சினின் சூட்டில் இடைவழியிலேயே ஆவியாகிக்கொண்டிருந்தன. கொதிக்கும் புகைக் குழாய் ஒரு முழத்துக்குள். தீப்பொறிகளை அள்ளி வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் அங்கேதான்.

எஞ்சினை அணைத்தேன். பிள்ளைகளை இறக்கித் தொலைவில் நிறுத்தும்படி மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன்; அவள் அதற்குள் இருவரையும் இறக்கி, உம்மாவின் கையைப் பிடித்து மரத்துக்கு அப்பால் அழைத்துச் சென்றுகொண்டிருந்தாள்.

அவ்வேளை எதிரே வந்த லாரி ஒன்று ஓரமாக நின்றது. அதன் ஓட்டுநர் உதவும் நோக்குடன் எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு நாக்கு எழவில்லை. "அண்ணே! பீடி! பெட்ரோல் ஒழுகுது!" என்று என் மனைவி கூவிய கூவலில் அந்த மனிதர் நின்ற இடத்திலேயே பீடியைக் கீழே போட்டு, செருப்புக் காலால் நசுக்கி, மண்ணைத் தள்ளி மூடினார். பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைத்தார்.

லாரி ஓட்டுநர் தந்த பாடம்

அவர் முதலில் செய்தது பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றியதுதான். பிறகு சூடு தணியட்டும் என்று எங்களைக் காக்க வைத்தார். தம் கிளீனரை அழைத்து ஒரு வாளி நிறைய மணல் அள்ளி வந்து பக்கத்தில் வைக்கச் சொன்னார். "பெட்ரோல் தீக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுங்க, தண்ணி மேல மிதந்து தீ பரவும். மண்ணுதான்" என்றார். அதன்பின் தம் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஹோஸும் இரண்டு கிளிப்புகளும் எடுத்து வந்தார். வெடித்த ஹோஸை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டார். முறுக்கிய கட்டுக்கம்பியைக் கையில் எடுத்து என்னிடம் காட்டி, ஒரே ஒரு சொல் சொன்னார்:

"கம்பி கடிக்கும், கிளிப் பிடிக்கும்."

எத்தனையோ நூல்களைப் படித்தும் எனக்கு விளங்காத ஒன்றை அந்தச் சொல் விளக்கிற்று. கம்பி ரப்பரைச் சுற்றி ஒரு கோட்டில் மட்டும் வெட்டுவது போல அழுத்துகிறது. கிளிப்போ பட்டையாக இருப்பதால் சுற்றிலும் சமமாக அணைத்துப் பிடிக்கிறது. ஓடும் வண்டியின் அதிர்வில், கடிக்கும் கம்பி மேலும் மேலும் உள்ளே இறங்கும்.

பணம் கொடுக்க முயன்றேன். மறுத்துவிட்டார். தொலைவில் அமர்ந்திருந்த உம்மாவைக் காட்டி, "பெரியம்மாவை எங்களுக்காக வேண்டிக்கச் சொல்லுங்க, போதும்" என்று கூறிவிட்டுத் தம் வழியே சென்றார். உம்மா தம் இறுதிக்காலம்வரை, பெயர் அறியாத அந்த மனிதருக்காக துஆச் செய்து வந்தார்கள்.

நாங்கள் நலமாக மதுரை சென்றோம். அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்தபின் உம்மா தெளிவாகப் பார்த்த முதல் முகம் என் மகளுடையது. "இந்தப் பிள்ளைக்கு மோவாயில் மச்சம் இருக்கிறதா!" என்று வியந்தார்கள். நான் அந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். சத்திரக்குடிச் சாலையில் நான்காவது முறை சொல்வதற்கு அவர்கள் இல்லாமல் போயிருந்தால் என்ற எண்ணம் என்னை உலுக்கிவிட்டது.

ஃபில்ட்டர் மாற்றுவோர் கவனத்திற்கு

அதன்பின் ஒரு மெக்கானிக்கிடம் அமர்ந்து இவ்வேலையை முறையாகக் கற்றேன். கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். பெட்ரோலின் இயல்பை முதலில் அறிந்து கொள்ளுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் அது தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். ஆகையால் மூடிய கொட்டகைக்குள்ளோ, அடுப்பெரியும் சமையற்கட்டின் அருகிலோ இவ்வேலையைச் செய்யக் கூடாது. திறந்த வெளியில், எஞ்சின் முற்றிலும் ஆறியபின், பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். டாங்கியின் மூடியை ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே அடைபட்டிருக்கும் ஆவியின் அழுத்தம் தணியும். மணல் வாளியோ, உலர்பொடித் தீயணைப்பானோ கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் அருகில் வேண்டாம்.

ஃபில்ட்டரின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். பெட்ரோல் ஓடும் திசை அது. அம்பின் முனை கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். ஹோஸைக் கழற்றும்போது வழியும் பெட்ரோலைத் தகரக் குவளையில் பிடியுங்கள். வழிந்ததைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல், வெட்டவெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலும், கட்டைபோல் விறைத்திருந்தாலும், அமுக்கினால் பஞ்சுபோல் நொதநொதத்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட ஹோஸைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாயும், கடைகளில் மீட்டர் கணக்கில் தொங்கும் வெள்ளை பிளாஸ்டிக் டியூபும் உதவா. ஃபில்ட்டரின் மூக்கில் ஒரு சிறு மேடு வளையமாக ஓடும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும். கிளிப் அந்த மேட்டுக்கு அப்பால், ஹோஸின் முனையிலிருந்து சிறிது தள்ளி அமர வேண்டும். மேட்டின் மீதே கிளிப்பைப் போட்டால் அது நழுவும். முனையின் ஓரத்தில் போட்டால் ரப்பர் கிழியும்.

இறுக்குவதிலும் நடுநிலை வேண்டும். கிளிப்பின் துளைகளில் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அதுவும் கட்டுக்கம்பியைப் போலக் கடிக்கத் தொடங்கிவிடும். ஹோஸைக் கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது. அந்த இறுக்கம் போதும். ஹோஸ் எங்கும் மடிந்திருக்கக் கூடாது. இழுத்துக் கட்டிய கயிறு போலவும் இருக்கக் கூடாது. புகைக் குழாயையோ, சுழலும் பெல்ட்டையோ, கூரான தகட்டையோ அது தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், தனிக் கவ்வி போட்டு விலக்கிக் கட்டுங்கள். அதிர்வில் உராய்ந்து உராய்ந்து ஓட்டையான ஹோஸ்கள் ஏராளம்.

முடிந்ததும் பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பாருங்கள். வண்டி ஓடிச் சூடேறியபின் மறுபடியும் பாருங்கள். மறுநாளும் ஒருமுறை பாருங்கள். சூட்டில் ரப்பர் இளகி அமர்ந்துகொள்வதால், முதல் நாள் இறுகியிருந்த கிளிப் மறுநாள் சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும். என் வாப்பா விரலால் தடவிப் பார்த்தது எதற்காக என்பதை, அவர்கள் போனபின் இப்படித்தான் நான் அறிந்தேன்.

இன்றைய வண்டிகள்

"பத்மினி காலம் போயிற்றே, எங்களுடையது புதிய வண்டி" என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் எங்கள் ஹோஸ் சொட்டியது. இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் அழுத்தம் பொதுவாக 3 பார் அளவுக்கு, அதாவது பழைய வண்டியைப்போல் பத்து மடங்குக்கும் மேலாக இருக்கும். அங்கே ஒரு மூட்டு விட்டால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். எஞ்சினை அணைத்தபின்னும் அந்த அழுத்தம் குழாயில் தங்கியிருக்கும். அதை முறைப்படி தணிக்காமல் கழற்றுவது முகத்திலும் கண்ணிலும் பெட்ரோலைப் பாய்ச்சிக் கொள்வதாகும். பல வண்டிகளில் ஃபில்ட்டர் டாங்கிக்குள்ளேயே பம்புடன் சேர்ந்து இருக்கிறது. இவற்றை அறிந்தவரிடம் விடுவதே அறிவுடைமை. ஹோஸ் மாற்றினால், இன்ஜெக்‌ஷன் வண்டிக்கென்று குறிக்கப்பட்ட அழுத்தம் தாங்கும் ஹோஸையும் அதற்குரிய கிளிப்பையுமே போடச் சொல்லுங்கள். பழைய கார்புரேட்டர் ஹோஸ் அங்கே கூடவே கூடாது.

மற்றொன்று, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். நம் நாட்டில் 2022-ம் ஆண்டில் கலப்பு 10 விழுக்காட்டை எட்டியது. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் சில நிலையங்களில் அறிமுகமானது. 2025-ம் ஆண்டில் அந்த அளவு நாடு முழுதும் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பழைய வகை ரப்பர் சிலவற்றை அது உப்பவோ வெடிக்கவோ செய்யும். பழைய டாங்கியில் படிந்திருக்கும் அழுக்கையும் கிளப்பி ஃபில்ட்டருக்கு அனுப்பும். ஆகவே வீட்டில் பழைய வண்டி வைத்திருப்போர், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களுக்கு மாறுவதும், ஃபில்ட்டரை முன்னைவிட அடிக்கடி பார்ப்பதும் அவசியம். டீசல் வண்டிக்காரர்கள் ஃபில்ட்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை உரிய காலத்தில் வடித்துவிட மறவாதீர்கள்.

ஒட்டகமும் கயிறும்

சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டே தவக்குல் வைப்பதா என்று கேட்ட ஒரு மனிதருக்கு, முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படியும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. இதை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். நானும் கேட்டுத் தலையசைத்தவன்தான். ஆனால் ஒட்டகத்தின் கயிறு என் வீட்டு வாசலில் ஒரு ரப்பர் ஹோஸாகவும், எட்டணாக் கனமுள்ள ஒரு கிளிப்பாகவும் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை! ஏனோதானோவென்று கட்டுவதும் கட்டாமல் விடுவதும் ஒன்றே என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வண்டியில் நம்மோடு ஏறுகிறவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நாம் பார்த்திருப்போம் என்ற நம்பிக்கையில் கண்ணயர்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று மூன்று முறை எச்சரித்தவர்கள் இருவரும் பெண்கள். ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மற்றவருக்குக் கண்ணே தெரியாது. வண்டி தெரிந்த நானோ காதிருந்தும் கேளாதவனாக இருந்தேன். வீட்டில் பெண்கள் "ஏதோ வாடை வருகிறது", "ஏதோ சத்தம் கேட்கிறது" என்று சொன்னால், "உனக்கு என்ன தெரியும்?" என்று ஆண்மக்கள் கேட்காதீர்கள். நின்று பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் ஐந்து நிமிடம்தான் நஷ்டம். சகோதரிகளே, நீங்களும் ஒருமுறை சொல்லி அடங்கிவிடாதீர்கள். என் உம்மாவைப் போல் மூன்றாவது முறையும் சொல்லுங்கள்; நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் பயணத்துக்குப்பின், நான் எப்போது வண்டியை எடுத்தாலும் உம்மா வாசலில் வந்து நின்று, துஆச் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கட்டினாயா, மகனே?" நான் பானெட்டைத் திறந்து, ஹோஸ்களைத் தடவிப் பார்த்து, "கட்டினேன் உம்மா" என்று சொன்னபின்தான் அவர்களின் கைகள் துஆவுக்காக உயரும்.

உம்மா இப்போது இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! பத்மினியும் போய்விட்டது. சென்ற பெருநாளைக்கு மறுநாள் என் மகன் தன் குடும்பத்துடன் காரில் ஊர் திரும்பினான். வழியனுப்ப வாசலுக்குச் சென்ற நான் கைகளை ஏந்துமுன், பின்னிருக்கையிலிருந்த என் ஏழு வயதுப் பேத்தி தலையை நீட்டி அவனிடம் கேட்டாள்:

"வாப்பா, கட்டினீங்களா?"

அவன் சாவியை எடுத்துவிட்டு இறங்கி வந்து பானெட்டைத் திறந்தான். அதன்பின்தான் நான் துஆச் செய்தேன்.

உங்கள் வீட்டு வாசலிலும் இந்தக் கேள்வி ஒலிக்கட்டும். உங்கள் பயணங்கள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.